நூற்றுத் தொண்ணூறு பெயர்கள்

ஜூன் 3, திங்கள்

காலையில் கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். அம்மாவின் கீழ்ப்பல் மறுபடி ஆடுகிறது. டாக்டர் இருபத்தொன்றாம் தேதிக்குத்தான் நேரம் கொடுத்திருக்கிறார்.

பதினொரு மணிக்குக் கனகசபாபதி சார் அறைக்குக் கூப்பிட்டார். பம்புசெட் வியாபாரத்தில் இருந்தவர். விற்பனைப் பிரதிநிதிகளின் கஷ்டம் தெரிந்துதான் அவர்களுக்கென்று இந்த மென்பொருள் கம்பெனியைத் தொடங்கினார்.

"ஏனுங்க வடிவு, நம்ம பீளமேட்டுக் கஸ்டமர் ஒருத்தரு சனிக்கிழமை கூப்புட்டாருங்க. நம்ம சாப்ட்வேர் காட்டுன நம்பருக்குப் போன் போட்டு 'பர்ச்சேஸ் மேனேஜருங்களா'ன்னு கேட்டுருக்காரு. அந்த ஆளு செத்து எட்டு மாசம் ஆச்சாம். அவரு சம்சாரம் போன எடுத்து அழுதுட்டாங்களாம். இது நல்லாவா இருக்குது?"

நல்லா இல்லைதான். எங்கள் மென்பொருளில் ஒருவருடைய பெயரையும் மின்னஞ்சலையும் போட்டால் போதும்; எந்தக் கம்பெனி, என்ன பதவி, எந்த ஊர், என்ன போன் நம்பர் என்பதெல்லாம் தானாக நிரம்பிவிடும். அந்த விவரங்களை நாங்கள் சேகரிப்பதில்லை. அதற்கென்றே இருக்கும் வெளிக் கம்பெனி ஒன்றின் ஏபிஐ வழியாக, அதாவது எங்கள் மென்பொருள் நேரடியாகக் கேட்டு வாங்கும் இணைப்பு வழியாக, வாங்குகிறோம். இப்போது வாங்கும் இடம் சரியில்லை. புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சார் மூன்று பெயர்களை எழுதி வைத்திருந்தார். ஒன்று அமெரிக்கக் கம்பெனி, ஒன்று எஸ்டோனியா. மூன்றாவது சென்னையில் இருக்கிற 'இணைமுகம்'.

"மூணையும் பரிட்சை வெச்சுப் பாருங்க. மாசக் கடைசிக்குள்ள முடிவாகோணும். நீங்க யாரைச் சொல்றீங்களோ அவிங்கதான்."

இணைமுகத்தை நடத்துவது இளம்பரிதி.

எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, மீதி வேலையைப் பார்த்தேன்.

ஜூன் 4, செவ்வாய்

நேற்று எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன் சென்னையில் ஒரு கம்பெனியில் நானும் அவனும் பக்கத்துப் பக்கத்து மேஜை. நம் ஊர்ப் பெயர்களைப் பொருத்திப் பார்க்கிற நிரலை நான் எழுதிக்கொண்டிருந்தேன். ஆ. வடிவு, வடிவு ஆவுடையப்பன், வடிவு ஏ என்று மூன்று இடத்தில் மூன்று விதமாக இருப்பது ஒரே ஆள்தான் என்று கம்ப்யூட்டருக்குப் புரிய வேண்டும். வெளிநாட்டுக்காரனுக்கு இது வராது. எனக்கு வந்தது.

அப்போது அப்பாவைப் பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் ஊருக்குக் கிளம்பும்போது, வேலை நின்றுவிடக் கூடாது என்று என் பாஸ்வேர்டை இளம்பரிதியிடம் கொடுத்தேன். கொடுக்கக் கூடாதுதான். கொடுத்தேன்.

பத்தாம் நாள் கூப்பிட்டார்கள். நான் எழுதிய நிரலும் வாடிக்கையாளர் பட்டியலும் என் கணக்கு வழியாக வெளியே போயிருந்தன. விசாரணை அறையில் அவன் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். "பாஸ்வேர்ட் உங்ககிட்ட இருந்துச்சா?" என்று கேட்டார்கள். "எனக்குத் தெரியாது சார்" என்றான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான்.

அன்றே அனுப்பிவிட்டார்கள். அதே ஆபீஸில் என் பெரியப்பா மகனும் இருந்ததால் செய்தி எனக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார். "எடுத்தியாம்மா?" "இல்லப்பா" என்றேன். தலையை ஆட்டினார். நான்காம் நாள் போய்விட்டார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறு வருஷம் அவன் இணைமுகத்தைத் தொடங்கினான்.

எனக்கு அவனைத் தெரியும் என்று சாரிடம் இன்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஜூன் 5, புதன்

தண்ணீர் வரவில்லை. லாரிக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 6, வியாழன்

பரிட்சைக்கான பட்டியல் தயாரிக்கிறேன். உண்மையான ஐந்நூறு பேர். சரியான விவரங்களை நாங்களே போன் செய்து உறுதி செய்து வைத்துக்கொள்வோம். மூன்று கம்பெனிக்கும் பெயரும் மின்னஞ்சலும் மட்டும் கொடுப்போம். யார் எத்தனை பேரைச் சரியாகச் சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.

அவனிடம் இருப்பது என் நிரல்தான் என்றால், அதில் எங்கே ஓட்டை என்று எனக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு பெண்களுக்கு இனிஷியல் மாறும். பாதி இடத்தில் அப்பா பெயர், பாதி இடத்தில் கணவர் பெயர். அதைத் தீர்ப்பதற்குள்தான் நான் ஊருக்குப் போனேன்.

எங்கள் வாடிக்கையாளர்கள் பட்டியலில் அப்படிப்பட்ட பெண்கள் நூற்றுக்கு எட்டுப் பேர். ஐந்நூறில் நாற்பது வரும். நான் நூற்றுத் தொண்ணூறு போட்டேன். பள்ளிக்கூடங்கள், ஆஸ்பத்திரிகளில் இப்போது பெண் நிர்வாகிகள் அதிகம். அவர்களையும் கணக்கில் எடுக்கத்தானே வேண்டும். ஒரு பெயர்கூடப் பொய்யில்லை.

ஜூன் 10, திங்கள்

மூன்று கம்பெனிகளோடும் இன்று வீடியோவில் பேச்சு. இணைமுகத்திலிருந்து அவன் வரவில்லை. பரிட்சை வேலையைப் பார்ப்பவர் சபீனா என்ற பெண். நாற்பத்து மூன்று நாற்பத்து நாலு வயது இருக்கும். பேச ஆரம்பித்த இரண்டாவது நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்க மேலப்பாளையமா?" என்று கேட்டேன்.

"ஆமா மேடம்! எப்படிக் கண்டுபிடிச்சிய?"

"நான் பாளையங்கோட்டை."

"அப்படியா! பக்கத்துலதானே." சிரித்தார். பிள்ளைகளுக்காக ஒன்பது வருஷம் வேலையை விட்டிருந்தாராம். மறுபடி சேர்ந்து பதினோரு மாசம் ஆகிறதாம். நான் கேட்காமலே சொன்னார். பட்டியலை அனுப்பினேன்.

நல்ல மனுஷி. எனக்கும் அவருக்கும் ஒன்றும் இல்லை.

ஜூன் 12, புதன்

முதல் சுற்று: அமெரிக்கா 71 சதவீதம். எஸ்டோனியா 63. இணைமுகம் 54.

ஐம்பத்து நான்கு. மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். இதைவிடச் சுகமான எண்ணை நான் பார்த்ததில்லை.

விதிப்படி இரண்டாவது வாய்ப்பு உண்டு. வரும் திங்கள் மாலை ஐந்து மணிக்குள் எல்லோரும் திருத்தி அனுப்பலாம்.

ஜூன் 14, வெள்ளி

சபீனா போன் செய்தார். "மேடம், திங்கக்கெழம பெருநா. வீட்ல எல்லாரும் வாராக. ஒரு நா கூடக் கிடைக்குமா? செவ்வாக்கெழம காலைலயே குடுத்துருதேன்."

மூன்று பேருக்கும் ஒரே விதி என்றேன். அது உண்மைதான். திங்கள் பக்ரீத் என்பது கெடு வைக்கும்போது என் ஞாபகத்தில் இல்லை. காலண்டர் எதிரில்தான் தொங்குகிறது.

"சரி மேடம். பரவால்ல" என்றார்.

"ஆருளா போன்ல?" என்று அம்மா கேட்டாள். ஆபீஸ் என்றேன்.

ஜூன் 17, திங்கள்

மாலை நாலு மணிக்கு அனுப்பிவிட்டார். 54 இருந்த இடத்தில் 68. ஐந்தே நாளில். ஓட்டையைக் கண்டுபிடித்து ஏறக்குறையப் பாதி அடைத்திருக்கிறார். நான் செய்திருந்தால் இரண்டு வாரம் ஆகியிருக்கும். அமெரிக்கா 72 என்பதால் பிழைத்தேன்.

நாலரைக்குப் போன் வந்தது. பின்னால் குழந்தைகள் சத்தம், பாத்திரச் சத்தம்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கிடாதிய. இந்த இனிஷியல் விஷயத்துக்காகப் பழைய கோட நோண்டிக்கிட்டு இருந்தேன். அதுல தமிழ இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு ஒரு குறிப்பு கெடக்கு. 'பொம்பளையளுக்குக் கல்யாணத்துக்கு அப்புறம் இனிஷியல் மாறும். அப்பாவ ஆஸ்பத்திரில பாத்துட்டு வந்து இத முடிக்கணும். ஆ.வ.' அப்படின்னு. எங்க ஆபீஸ்ல ஆ.வ.ன்னு ஆருமே இருந்ததில்ல. உங்க மெயில்ல 'ஆ. வடிவு'ன்னு பாத்தேன். பேச்சும் நம்ம ஊருப் பேச்சா இருக்கேன்னு…"

அந்தக் குறிப்பை நான் எழுதியது எனக்கு மறந்தே போயிருந்தது. அவன் அழிக்கக்கூட இல்லை. அந்த அளவுக்குத் தைரியம், அல்லது அந்த அளவுக்கு அலட்சியம்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

"சரி மேடம். சும்மா கேட்டேன்" என்று வைத்துவிட்டார்.

ஜூன் 19, புதன்

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். அமெரிக்கக் கம்பெனியைச் சிபாரிசு செய்திருக்கிறேன். சார் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, "பேஷுங்க" என்றார்.

இணைமுகத்துக்கு மறுப்புக் கடிதம் நானே எழுதினேன். மரியாதையான கடிதம். 'தங்கள் விவரங்களின் தரம் எங்கள் தேவைக்குப் போதுமானதாக இல்லை.' இந்த ஒரு வரியை மூன்று முறை மாற்றி எழுதினேன். இளம்பரிதியின் முகவரிக்கே அனுப்பினேன். கீழே முழுப்பெயர் போட்டேன்: வடிவு ஆவுடையப்பன்.

வரும் வழியில் ஜாங்கிரி வாங்கினேன். "என்னட்டி விசேஷம்?" என்றாள் அம்மா. சும்மாதான் என்றேன். ஆடுகிற பல்லோடு ஒன்றரை ஜாங்கிரி சாப்பிட்டாள்.

ஜூன் 20, வியாழன்

அவனே கூப்பிட்டான்.

"வடிவு! நீயா? கோயம்புத்தூர்லயா இருக்க? எப்படி இருக்க?"

ஆறு வருஷம் நடுவில் இல்லாதது போல. என்ன விஷயம் என்று கேட்டேன்.

"பாரு, அந்த டெஸ்ட் ரிசல்ட் எங்க உண்மையான லெவல் இல்ல. ஒரு லேடிய நம்பிக் குடுத்தேன், சொதப்பிட்டாங்க. செட்டிங் எல்லாம் தப்பா வெச்சு ஓட்டியிருக்காங்க. பணம் போட்டவங்களும் கேக்கறாங்க, என்ன ஆச்சுன்னு. நேத்தே அவங்கள அனுப்பிட்டேன். நீ இன்னொரு சான்ஸ் குடு. நானே உக்காந்து பண்றேன்."

"அனுப்பிட்டேன்னா?"

"வேலைய விட்டு எடுத்துட்டேன். வேற என்ன பண்றது? யாராவது பொறுப்பேத்துக்கணும்ல?"

போனை வைத்துவிட்டேன்.

நான் அவனை அடித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் குனிந்துகொண்டான். பின்னால் நின்ற ஆள் மேல் பட்டது. அன்றைக்கு நான் நின்ற இடத்தில் இன்றைக்கு அவர்.

ஜூன் 21, வெள்ளி

பல் டாக்டர். பிடுங்கிவிட்டார். அம்மா கஞ்சி மட்டும் குடித்தாள். சபீனாவுக்கு நான்கு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூன் 22, சனி

காலையில் அவரே கூப்பிட்டார். மேடம் என்று சொல்லவில்லை.

"சொல்லுங்க. எதுக்குக் கூப்ட்டிய?"

வருத்தமாக இருக்கிறது என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் நிறுத்தினார்.

"இருங்க. நா பேசுதேன். ஒரு ரூம்ல உக்கார வச்சாக. மூணு பேரு. தப்பான செட்டிங்ல ஓட்டுனேன்னு எழுதி நீட்டுதாக. நா ஓட்டலன்னு சொன்னா, 'ஒம்பது வருஷம் வீட்ல இருந்தவங்கள எடுத்தது எங்க தப்பு'ங்காக. எம் பொண்ணு பிளஸ் டூ படிக்கா. அவகிட்ட என்னன்னு சொல்லுவேன், அம்மாவுக்கு வேல தெரியலன்னா?"

அவரே தொடர்ந்தார்.

"வீட்டுக்கு வந்து உங்க பட்டியல எண்ணிப் பாத்தேன். அய்நூறுல நூத்தித் தொண்ணூறு பேரு இனிஷியல் மாறுன பொம்பளைய. எந்த ஊர்லங்க அப்படி இருக்கு? தேடித் தேடிப் பொறுக்கிப் போட்டிருக்கிய. ஓட்டை எங்கன்னு தெரிஞ்ச ஆளுதான் அப்படிப் போட முடியும். அந்த ஆ.வ. நீங்கதான்."

"ஆமா" என்றேன்.

"உங்களுக்கும் அவருக்கும் என்னமோ இருக்கு. இருந்துட்டுப் போட்டும். நீங்க ரெண்டு பேரும் சண்ட போட எம் முதுகுதான் கெடச்சுதா? நா உங்களுக்கு என்ன செஞ்சேன்?"

நான் ஆதியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாஸ்வேர்டு, விசாரணை அறை, அப்பா. கடைசிவரை கேட்டார். பிறகு, "பாவம் உங்க வாப்பா" என்றார். அவருக்காக மட்டும்தான் அந்த வார்த்தை. எனக்கு ஒன்றுமில்லை.

"திங்கட்கிழமை எங்க சார்ட்ட உண்மையச் சொல்லிருதேன். அந்தக் குறிப்பப் பத்தியும் எழுதணும். எழுதினா நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்னு ஆயிரும். எழுதட்டுமா?" என்று கேட்டேன்.



"எழுதுங்க. எம் பேரப் போட்டே எழுதுங்க. இனி என்ன புடுங்கிருவாக?"

ஜூன் 24, திங்கள்

சொல்லிவிட்டேன். சார் முகம் சிவந்துவிட்டது. இவ்வளவு கோபமாக அவரை நான் பார்த்ததில்லை. ஆனால் குரல் உயரவில்லை.

"நான் உங்களைய நம்பி உட்டேனுங்க. அந்த ஆளைத் தெரியும்னு மொதல் நாளே சொல்லியிருந்தீங்கன்னா வேற ஆளுகிட்டக் குடுத்திருப்பேன். இப்ப நாம ஒரு கம்பெனிய ஏமாத்துன மாதிரி ஆயிப் போச்சு. அவன் திருடனாவே இருக்கட்டுமுங்க. நாம அளந்த தராசு சரியா இருக்கோணுமில்ல?"

"ஆமா சார்."

"உங்க கோவம் நாயமானதுதானுங்க. அதைய எம் பேருல, என்ற கம்பெனிய வெச்சுத் தீத்துக்கிட்டீங்க பாருங்க, அதுதான் எனக்குப் பொறுக்கல."

தலைமைப் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார். பரிட்சையை எங்கள் ஆபீஸிலேயே இருக்கும் ஜோதிலிங்கம் புதிய பட்டியலோடு மறுபடி நடத்துவார். நான் அதன் பக்கமே போகக் கூடாது. சரி என்றேன்.

பிறகு கடிதம். சார் படித்துப் பார்த்து, ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் அனுப்பச் சொன்னார். இளம்பரிதிக்கு மட்டுமல்ல, இணைமுகத்தின் இயக்குநர்கள், அதில் பணம் போட்டவர்கள், என் பழைய கம்பெனி, எல்லோருக்கும் ஒரே கடிதம்.

'முதல் பரிட்சைக்கான பட்டியலை இணைமுகத்துக்குப் பாதகமாகத் தயாரித்தது நான். அது என் தவறு. சபீனாவின் வேலையில் ஒரு பிழையும் இல்லை. அவர் ஐந்து நாளில் சரிசெய்த அந்த நிரல், ஆறு வருஷத்துக்கு முன் வேறொரு கம்பெனிக்காக நான் எழுதியது. அதில் என் பெயரின் முதலெழுத்துகளோடு ஒரு குறிப்பும் இருக்கிறது. அது இணைமுகத்திடம் எப்படி வந்தது என்பதை இளம்பரிதி சொல்ல வேண்டும்.'

அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது எனக்குள் இருந்தது வருத்தமா என்றால், இல்லை. இந்தத் தடவை குனிவதற்கு அவனுக்கு இடமில்லை.

ஜூன் 26, புதன்

என் மேஜையை ஜன்னல் ஓரத்திலிருந்து மாற்றிவிட்டார்கள். இனி என் வேலை, தவறான போன் நம்பர் என்று வரும் புகார்களை ஒவ்வொன்றாகப் போன் செய்து சரிபார்ப்பது. இன்று நாற்பத்தாறு பேரிடம் பேசினேன்.

ஜூன் 28, வெள்ளி

ஜோதிலிங்கம் முடிவுகளைக் கொடுத்துவிட்டார். நேரான பட்டியல். அமெரிக்கா 74. எஸ்டோனியா 66. இணைமுகம் 81.

சபீனா அடைத்த ஓட்டையோடு இணைமுகம்தான் முதல். நான் எதுவும் செய்யாமல் இருந்திருந்தால் இந்த ஒப்பந்தம் அவனுக்குத்தான் போயிருக்கும். ஆனால் சார் கையெழுத்துப் போடவில்லை. "பொருளு யாருதுன்னு தெரியாம வாங்க முடியாதுங்க. அவிங்க மொதல்ல அதுக்குப் பதில் சொல்லட்டும்." அமெரிக்கக் கம்பெனியோடு ஆறு மாசத்துக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டார்.

இணைமுகத்திலிருந்து வந்தது பதில் இல்லை. வக்கீல் நோட்டீஸ். என் பெயருக்கு.

ஜூலை 2, செவ்வாய்

என் பழைய கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினார். பழைய பதிவுகளைத் தோண்டிப் பார்த்தார்களாம். நிரல் வெளியே போன அந்த நாள், அந்த நேரம், என் கணக்கு சென்னை ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்துதான் திறக்கப்பட்டிருக்கிறது. நான் அப்போது அப்பாவின் கட்டில் பக்கத்தில் இருந்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது. "இதை அன்னிக்கே யாராவது பாத்திருக்கலாம் மேடம்" என்றார். ஆமாம், பார்த்திருக்கலாம்.

ஜூலை 5, வெள்ளி

இளம்பரிதி கூப்பிட்டான். பணம் போட்டவர்கள் அவனைப் பொறுப்பிலிருந்து விலகி இருக்கச் சொல்லிவிட்டார்களாம். குரலில் பழைய வழுவழுப்பு இல்லை.

"வடிவு, நீ நெனச்சா இத நிறுத்தலாம். அந்தக் குறிப்பு வேற யாரோ எழுதுனதா இருக்கலாம்னு ஒரு வரி எழுதிக் குடு. நான் உனக்கு என்ன வேணும்னாலும் பண்றேன். எனக்கு ரெண்டு சின்னக் கொழந்தைங்க."

"பாஸ்வேர்டு உங்கிட்ட இருந்துச்சுன்னு அன்னைக்கு ஏன் சொல்லல?"

"பயம்டி. பயந்துட்டேன். சத்தியமா."

"எடுத்தது?"

அழுகிற சத்தம் கேட்டது. நான் போனை வைக்கவில்லை. முழுவதும் கேட்டேன். இரக்கம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. வந்ததாக இங்கே பொய் எழுத மாட்டேன். ஆறு வருஷமாக நான் கேட்க நினைத்த சத்தம் அதுதான். கேட்டு முடித்ததும் பசித்தது. தோசை ஊற்றிச் சாப்பிட்டேன்.

ஜூலை 8, திங்கள்

இணைமுகம் சபீனாவை மறுபடி வரச்சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறது. மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன்.

"மன்னிப்பெல்லாம் நீங்களே வச்சுக்கிடுங்க. எனக்கு அது எதுக்கு? வக்கீல் நோட்டீஸ் வந்துருக்குன்னியளே, நீங்க ஆரையாவது பாக்கியளா?"

சென்னையில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். வியாழக்கிழமை.

"நானும் வாரேன். பொய்யா எழுதி என்னைய வெளிய அனுப்புனதுக்கு அந்த ஆளு மேல எனக்கும் கேசு இருக்கு. உங்களுக்காக வாரேன்னு நெனச்சுராதிய."

ஜூலை 11, வியாழன்

காலை ரயிலில் சென்னை போனேன். எழும்பூரில் வக்கீல் ஆபீஸ் மாடியில். சபீனா முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். திரையில் பார்த்ததைவிட உயரம். மடியில் ஒரு தடித்த ஃபைல். எல்லாவற்றையும் அச்செடுத்துத் தேதி வாரியாக அடுக்கியிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எங்களுக்கு நடுவில் ஒரு ஆள் உட்காரலாம். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். "ஆச்சு" என்றார்.

உள்ளே கூப்பிட்டார்கள். வக்கீல் வயதான மனிதர். எங்கள் இருவர் காகிதங்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டு பேரோட விஷயமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருக்கு. சேர்ந்தே போடலாம். நீங்க ரெண்டு பேரும் சிநேகிதிகளா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சபீனா சொன்னார்.

"இல்ல சார்."

ஃபைலை மேஜை மேல் வைத்து முதல் பக்கத்தைத் திறந்தார்.

"எழுதிக்கிடுங்க. நா முதல்ல சொல்லுதேன்."